வராமற்போன தீர்ப்பு நாள்

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துப் பீடச் சுவரில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தைப் படத்திலேனும் காணாத கத்தோலிக்கர் நம்மிடையே சிலரே இருப்பர். 1536-இல் தொடங்கி 1541-இல் அவர் முடித்த அச்சுவரின் நடுவே நிற்கும் ஆண்டவரின் உயர்த்திய கரத்தைக் கண்டு விண்ணும் மண்ணும் நடுங்குவதுபோல் தோன்றும். அக்கலைஞர் பிறந்தது 1475-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள். 517 ஆண்டுகள் கழித்து, 1992-ஆம் ஆண்டின் அதே மார்ச் 6 அன்று, உலகின் பல நாடுகளில் மக்கள் வேறொரு தீர்ப்பு நாளை எதிர்பார்த்து அஞ்சி நின்றார்கள். அந்நாளுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. அன்று அழிய இருந்தவை ஆன்மாக்கள் அல்ல. கணிப்பொறிகளில் சேர்த்துவைக்கப்பட்டிருந்த கணக்குகளும் கடிதங்களும் ஏடுகளும்.

அந்த நாள் வந்தது, போயிற்று. முன்னறிவிக்கப்பட்ட பேரழிவு மட்டும் வரவில்லை. கணிப்பொறிகளின் வரலாற்றில் இது ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகவே இன்று நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அச்சம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, அதை நம் கையில் வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்கும்போது நாம் எதற்குப் பொறுப்பாளிகள் ஆகிறோம் என்னும் கேள்விகளை எழுப்பும் நிகழ்ச்சியாகவே அது நமக்குப் படுகிறது.

ஓர் எண் பிறந்த கதை

இக்கதையைச் சற்று முன்பிருந்தே தொடங்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக் கூடங்களையும் இணைத்திருந்த கணிப்பொறி வலையில் ஒரு சிறு நிரல் உலவத் தொடங்கியது. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இராபர்ட் மோரிஸ். அவருடைய தந்தையார் அமெரிக்க அரசின் தேசியக் கணிப்பொறிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை அறிவியலார் என்பது இந்நிகழ்ச்சியின் முதல் விந்தை. அந்நிரல் எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஆனால், அதை வடிவமைத்ததில் நேர்ந்த பிழையால் ஒரே கணிப்பொறிக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்து பெருகியது. சுமை தாங்காமல் பொறிகள் திணறி நின்றன.

எத்தனை கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன? செய்தி ஏடுகள் அனைத்தும் ஒரே குரலில் 6,000 என்றன. இன்றளவும் அந்த எண்ணே எழுதப்பட்டு வருகிறது. அது பிறந்த விதத்தைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். வலையில் ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகள் இருக்கலாம் என்பது ஓர் ஊகம். அவற்றுள் பத்தில் ஒன்று பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது மற்றோர் ஊகம். இரண்டு ஊகங்களைப் பெருக்கிக் கிடைத்த விடை, அச்சேறிய மறுகணமே உண்மையாகிவிட்டது. எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதினார். பலர் எழுதியதால் அது எண்ணப்பட்டதாகவே தோன்றியது.

இந்நிகழ்ச்சியில் தீமை உண்மையாகவே இருந்தது. மோரிஸ் மீது வழக்கு நடந்தது. 1990-இல் தண்டனையும் கிடைத்தது. பிறர் வீட்டில் அத்துமீறி நுழைவது எவ்வாறு குற்றமோ, பிறர் கணிப்பொறியில் நுழைவதும் அவ்வாறே குற்றம் என்று நீதிமன்றம் உணர்த்தியது. அதே வேளையில், அளக்கப்படாத ஒன்றை அளந்ததுபோல் சொல்லும் பழக்கமும் இங்கே வேரூன்றிவிட்டது. நான்கு ஆண்டுகளில் அது மரமாயிற்று.

பெயர் சூட்டியவர் யார்?

1991-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு புதிய கணிப்பொறி வைரஸ் கண்டறியப்பட்டது. நியூசிலாந்தில் 1987-இல் தோன்றிய ‘ஸ்டோன்ட்’ என்னும் பழைய வைரஸைத் திருத்தி எவரோ எழுதியது அது. எழுதியவர் யார் என்று இன்றுவரை உலகம் அறியாது.

அந்நாளில் கோப்புகளை ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல ஃபிளாப்பி என்னும் மெல்லிய தட்டே பயன்பட்டது. வைரஸ் புகுந்த ஃபிளாப்பியைச் செருகியபடியே கணிப்பொறியை இயக்கினால், அது ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் குடியேறிவிடும். அதன்பின் அப்பொறியில் செருகப்படும் ஒவ்வொரு ஃபிளாப்பியையும் தொற்றும். ஆண்டு முழுவதும் ஓசையின்றி உறங்கும். மார்ச் 6 அன்று அப்பொறி இயக்கப்பட்டால் மட்டும் விழித்தெழுந்து, டிஸ்க்கின் தொடக்கப் பகுதிகளின்மேல் பொருளற்ற எழுத்துகளை எழுதி உள்ளடக்கத்தைப் பாழாக்கும். அன்று பொறியை இயக்காமல் விட்டாலோ, பொறியின் நாட்காட்டியை மார்ச் 7 என்று மாற்றிவைத்தாலோ தீங்கு நேராது.

அந்நிரலில் மைக்கலாஞ்சலோவின் பெயர் எங்கும் இல்லை. அதில் இருந்தது ஒரு தேதி மட்டுமே. அதை ஆராய்ந்தவர்கள், அத்தேதி அக்கலைஞரின் பிறந்தநாளோடு ஒத்திருப்பதைக் கண்டு அப்பெயரை இட்டார்கள். எழுதியவர் மைக்கலாஞ்சலோவை அறிந்திருந்தாரா என்பதே ஐயம். மார்ச் 6 அவருடைய சொந்தப் பிறந்தநாளாகவும் இருந்திருக்கலாம். ஆனால், பெயர் வாய்த்துவிட்டது. வெறும் எண்ணால் குறிக்கப்பட்டிருந்தால் எந்தச் செய்தியாளர் அதைத் திரும்பிப் பார்த்திருப்பார்? இறுதித் தீர்ப்பைத் தீட்டியவரின் பெயரோடும் குறித்த ஒரு நாளோடும் வந்த ஆபத்து, தலைப்புச் செய்திக்கென்றே பிறந்ததுபோல் அமைந்துவிட்டது.

நூறிலிருந்து ஐம்பது லட்சம் வரை

1992-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு செய்தி வெளியாயிற்று. லீடிங் எட்ஜ் என்னும் அமெரிக்க நிறுவனம் விற்ற சுமார் 500 கணிப்பொறிகளில் இந்த வைரஸ் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. இன்டெல் நிறுவனம் அனுப்பிய ஒரு மென்பொருளின் சில நூறு படிகளிலும் அது இருந்தது தெரியவந்தது. புத்தம் புதிய, உறை பிரிக்காத பொருளிலேயே நோய் இருக்கக்கூடும் என்பது கவலைக்குரிய செய்திதான். நிறுவனங்கள் அதை ஒப்புக்கொண்டு அறிவித்தது பாராட்டுக்கும் உரியது. எண்ணப்பட்டவை சில நூறுகள் மட்டுமே.

அந்த நூறுகள் எப்படி லட்சங்களாயின? வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்பனையில் முன்னணியில் இருந்த ஜான் மக்காஃபியிடம் செய்தியாளர்கள் எண் கேட்டார்கள். 50 லட்சம் கணிப்பொறிகள் வரை பாதிக்கப்படலாம் என்று அவர் கூறியதாக ஏடுகள் எழுதின. 50,000 முதல் 50 லட்சம் வரை என்றே தாம் கூறியதாகவும், செய்தியாளர்கள் மேலெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டதாகவும் அவர் பின்னர் விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்றாலும், கீழெண்ணுக்கும் மேலெண்ணுக்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு இருக்கும் ஒரு மதிப்பீடு, ‘எமக்குத் தெரியாது’ என்பதன் அலங்கார வடிவமே அன்றி வேறென்ன? தெரியாது என்னும் நேர்மையான ஒரு சொல்லைச் சொல்ல அவரும் துணியவில்லை. அச்சிட ஏடுகளும் விரும்பவில்லை.

நாள் நெருங்க நெருங்கத் தொலைக்காட்சிகளும் நாளேடுகளும் நாட்களை எண்ணத் தொடங்கின. தடுப்பு மென்பொருள் கடைகளில் விற்றுத் தீர்ந்தது. வைரஸைத் தேடிப் பார்த்தவர்கள் பலர் மைக்கலாஞ்சலோவைக் காணவில்லை. ஸ்டோன்ட் முதலிய வேறு வைரஸ்களையே தங்கள் பொறிகளில் கண்டார்கள்.

மார்ச் 6 விடிந்தது. உலகம் முழுவதிலுமிருந்து வந்த இழப்புச் செய்திகளைக் கூட்டிப் பார்த்தபோது 10,000 முதல் 20,000 வரை என்றே கணக்கிட முடிந்தது. மறுநாளே ஏளனம் தொடங்கியது. முந்தைய வாரம் அச்சத்தை அச்சிட்ட அதே ஏடுகள், இந்த வாரம் அந்த அச்சத்தைப் பார்த்து நகைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் மக்காஃபியின் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது.

இங்கு ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. 10,000 என்பது 50 லட்சத்துக்கு முன்னால் சிறியதே. தென் ஆப்பிரிக்காவில் அன்று மருந்துக் கடைகள் பலவற்றின் கணிப்பொறிகள் பாழாயின. தன் வாடிக்கையாளரின் கணக்குகளை இழந்த ஒரு மருந்துக் கடைக்காரருக்கு அந்நாள் நகைப்புக்குரியதாக இருந்திராது. மிகைப்படுத்தலின் முதல் பலி இத்தகையவரே. பெரிய எண் பொய்த்தபோது, அவருடைய உண்மையான துயரும் பொய்யோடு சேர்த்துக் குப்பையில் வீசப்பட்டது.

யோனாவின் கேள்வி

ஒரு சாரார் வேறு விதமாக வாதிட்டனர். “எச்சரித்ததால்தான் மக்கள் விழித்துக்கொண்டார்கள், விழித்துக்கொண்டதால்தான் அழிவு வரவில்லை. எச்சரித்தவர்களை ஏன் பழிக்கிறீர்கள்?” என்றனர். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விவிலியம் அறிந்த நமக்கு உடனே யோனா நினைவுக்கு வருகிறார். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அறிவித்தார், மக்கள் மனம் மாறினார்கள், நகர் அழியவில்லை. தம் சொல் பொய்த்ததுபோல் ஆனதே என்று இறைவாக்கினர் வருந்தி அமர்ந்தார். ஆண்டவரோ, அச்சொல் பலித்துவிட்டது என்பதை ஆமணக்குச் செடியைக் கொண்டு அவருக்கு உணர்த்தினார்.

அப்படியானால் மைக்கலாஞ்சலோ அச்சமும் நினிவேயின் கதைதானா? ஓரளவு ஆம். கணிப்பொறிகளைச் சோதித்து அந்த வைரஸை நீக்கியவர்கள் இழப்பிலிருந்து தப்பினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுமையாக ஆம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. லட்சக்கணக்கான பொறிகளில் அது உண்மையாகவே குடியிருந்திருந்தால், தேடியவர்கள் கண்களில் அந்த அளவுக்கு அது பட்டிருக்க வேண்டும்; படவில்லை. நினிவேயின் தீமை உண்மையான தீமை. ஆண்டவரே அறிந்து அளந்த தீமை. இங்கோ, இருந்த தீமை ஒன்று. அறிவிக்கப்பட்ட தீமை வேறொன்று. இன்னொரு வேறுபாடும் உண்டு. யோனா நினிவேயில் எதையும் விற்கவில்லை. மருந்து விற்பவர் நோயை அறிவிக்கும்போது அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனினும் அவர் சொல்லை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது நம் கடமை. அந்தக் கடமையைத்தான் 1992-இல் செய்தி உலகம் நிறைவேற்றத் தவறியது.

நல்லவர்களே பரப்பிய நோய்

இரண்டே ஆண்டுகளில் இன்னும் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில், ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்போடு வரும் மின்னஞ்சலைத் திறந்து படித்தாலே ஹார்ட் டிஸ்க் அழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை பரவியது. உங்கள் நண்பர் அனைவருக்கும் இதை அறிவியுங்கள் என்று அது வேண்டியது. பின்னர் வந்த வடிவங்களில், கணிப்பொறியின் மூளையாகிய செயலியையே சிதைக்கும் என்ற கூற்றும், அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையமே எச்சரித்துள்ளது என்ற கூற்றும் சேர்ந்துகொண்டன. அறிவியல் போலத் தோன்றும் பொருளற்ற சொற்றொடர்களும் இடையே செருகப்பட்டன.

அப்படி ஒரு வைரஸ் இருக்கவே இல்லை. வெறும் எழுத்துகளாகவே இருந்த அந்நாளைய மின்னஞ்சலைப் படிப்பதால் வைரஸ் தொற்ற வழியும் இல்லை. இது புரளி என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பொறிப் பாதுகாப்புக் குழு அந்த டிசம்பரிலேயே அறிவித்தது. எனினும் ஆண்டுக்கணக்கில் அது உலகைச் சுற்றிவந்தது. சிந்தித்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள்: அந்த எச்சரிக்கையே வைரஸ். அது தொற்றியது கணிப்பொறியை அல்ல, மனிதரின் நல்லெண்ணத்தை. தீயவர் எவரும் அதைப் பரப்பத் தேவைப்படவில்லை. நண்பர்மேல் அன்பு கொண்டவர்களும், பொறுப்புணர்ச்சி மிக்க அலுவலர்களுமே அதைச் சுமந்து சென்றார்கள்.

நம் பங்குகளில் இருப்போருக்கு இது புதிதன்று. கோவில் இருக்கைகளில் மடித்து வைக்கப்பட்டிருந்த சங்கிலிக் கடிதங்களை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். புனிதர் ஒருவரின் பெயரால் தொடங்கி, இத்தனை படிகள் எழுதி அனுப்புக, அனுப்பாதவர்க்குத் தீங்கு நேரும் என்று முடியும் கடிதங்கள் அவை. அவற்றை எழுதிப் பரப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர், அஞ்சியவர்கள். பக்தியின் உடை அணிந்த அச்சத்துக்கும், அறிவியலின் உடை அணிந்த அச்சத்துக்கும் உள்ளே ஓடுவது ஒரே குருதிதான்.

ஏளனமும் தன் விலையைக் கேட்டு வாங்கியது. மின்னஞ்சல் வைரஸ் என்றாலே புரளி என்று பலர் முடிவுகட்டியிருந்த வேளையில், 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று, காதல் கடிதம் என்ற போர்வையில் பிலிப்பைன்சிலிருந்து ஓர் உண்மையான வைரஸ் புறப்பட்டது. மின்னஞ்சலோடு இணைத்திருந்த கோப்பைத் திறந்தவரின் பொறியைப் பற்றி, அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அவர் பெயராலேயே தன்னை அனுப்பிக்கொண்டு, ஒரே நாளில் கண்டங்களைக் கடந்தது.

கேளாமற்போன எக்காளம்

இனி எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவைக்கு உட்பட்ட மருத்துவ அமைப்புகளுக்கு, இதைச் செய்துகொள்ளுங்கள் என்ற அறிவிப்பும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அனுப்பப்பட்டது. இத்தாலியக் கலைஞரின் பெயர் இல்லை, குறித்த நாள் இல்லை, லட்சங்கள் இல்லை. தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த, வறண்ட ஓர் அறிவிப்பு. பல அலுவலகங்களில் அது செயலாக்கப்படாமலே கிடந்தது.

மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் நிரல் அந்த ஓட்டையின் வழியே புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டன. 19,000-க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் தடைபட்டிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் பின்னர் வெளியிட்டது. அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருந்து திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகளும் அதனுள் அடங்குவர். 1992-இல் அலறிய எக்காளத்தைக் கேட்டு உலகம் எழுந்து நின்றது, வாள் வரவில்லை. 2017-இல் மெல்ல ஒலித்த எக்காளத்தைப் பலர் செவிமடுக்கவில்லை, வாள் வந்தது. ஓசையின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லாமற் போயிற்று.

சாமக் காவலனின் கணக்கு

இறைவாக்கினர் எசேக்கியேலின் நூலில் 33-ஆம் அதிகாரம் சாமக் காவலனைப் பற்றிப் பேசுகிறது. வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலனிடம் மாண்டவரின் இரத்தப்பழி கேட்கப்படும் என்பது அதன் கருத்து. வாள் வராதபோதே ஊதுகிறவனைப் பற்றி அப்பகுதி பேசவில்லை. ஆனால் அவன் செய்வது என்ன என்று எண்ணிப் பார்ப்போமாக. முதல் இரவில் ஊரார் ஓடி வருவர்; இரண்டாம் இரவிலும் வருவர்; மூன்றாம் இரவில் தலையணையைத் திருப்பிப் போட்டு உறங்குவர். அன்றிரவு வாள் வந்தால் அப்பழி யாரைச் சேரும்? ஊதாதவன் ஓர் இரவின் எச்சரிக்கையைப் பறிக்கிறான். வீணே ஊதுகிறவன், இனி வரப்போகும் இரவுகளின் எச்சரிக்கைகளை எல்லாம் பறித்துவிடுகிறான்.

எட்டாம் கட்டளையை நாம் பெரும்பாலும் பிறர்மேல் பழி சுமத்துவதைத் தடுக்கும் கட்டளையாக மட்டுமே கருதிவிடுகிறோம். மைக்கலாஞ்சலோ அச்சம் உலகை ஆட்டிய அதே 1992-இன் அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அக்கட்டளையை விளக்கும்போது செய்தித் தொடர்பையும் அதன்கீழ்க் கொண்டுவருகிறது. உண்மையை அடிப்படையாகக் கொண்ட செய்தியைப் பெறுவது சமூகத்தின் உரிமை என்பது அதன் போதனை. செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நீதியும் அன்பும் அனுமதிக்கும் அளவுக்கு முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. 50,000 என்பதை விட்டுவிட்டு 50 லட்சத்தை மட்டும் அச்சிட்டவர்கள் ஒருவேளை பொய் சொல்லவில்லை. ஆனால் முழுமையைக் கொன்றார்கள்.

இவை செய்தியாளருக்கு மட்டும் உரிய பாடங்கள் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஓர் எக்காளம் இருக்கிறது. செல்பேசியில் ஒரு விரல் அசைவில் நூறு வீடுகளை எழுப்புகிறோம். குழந்தை கடத்தல் என்றும், கலப்பட உணவு என்றும், வங்கிக் கணக்கு முடங்கும் என்றும் நம்மை வந்தடையும் செய்திகளை, ‘உண்மையாக இருந்தால் நல்லதுதானே, அனுப்பி வைப்போம்’ என்று கடத்திவிடுகிறோம். அந்த இரக்கச் சிந்தனையைத்தான் ‘குட் டைம்ஸ்’ உணவாகத் தின்று வளர்ந்தது. இதைச் சொன்னவர் தாமே கண்டாரா? இந்த எண்ணை யாரேனும் எண்ணினார்களா? எண்ணாதவற்றை எண்ணியதாகச் சொல்வதால் யாருக்கு ஆதாயம்? அனுப்புவதற்கு முன் இவற்றை நாம் கேட்டுப் பார்க்கலாமே. விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. அதுவே எட்டாம் கட்டளைக்கு நாம் செலுத்தும் கீழ்ப்படிதல்.

சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் மைக்கலாஞ்சலோ தீட்டிய நாள் ஒருநாள் நிச்சயம் வரும் என்று நாம் விசுவசிக்கிறோம். அது எந்த நாள் என்று ஆண்டவர் நமக்குச் சொல்லவில்லை. நாளைக் குறித்துச் சொல்லி நம்மை அஞ்சவைக்காமல், எந்நாளும் விழித்திருக்கவே அவர் பணித்தார். மார்ச் 5 இரவில் பதறி எழுந்து, மார்ச் 7 காலையில் சிரித்துவிட்டு உறங்கப் போகும் விழிப்பு அவர் கேட்ட விழிப்பன்று. தன் விளக்குக்கு எண்ணெயை அன்றாடம் ஓசையின்றி ஊற்றி வைக்கும் கன்னியின் விழிப்பே அவர் கேட்டது.